தங்கச்சி பாக்கு வைக்க வந்த வீடு

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்து வந்ததும் முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைப்பார்கள். அடுத்தது பெண்ணின் தாய்மாமனுக்கு. அதைத் தபாலில் அனுப்பக் கூடாது. ரோட்டில் பார்த்துக் கையில் கொடுக்கக் கூடாது. போனில் சொன்னால் அது அழைப்பே இல்லை. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், வேட்டி துண்டு வைத்து, கூடப் பிறந்தவளும் அவள் புருஷனும் மாமன்காரன் வீட்டுப் படியேறி வந்து, சாமி படத்துக்கு முன்னால் தட்டை வைத்துத்தான் அழைக்க வேண்டும். பாக்கு வைக்கிறது என்று சொல்வோம். மாமனுக்குப் பாக்கு வைக்காமல் ஊரில் வேறு யாருக்கும் வைக்க முடியாது.

என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்தபோது எனக்கு வீடு இல்லாமல் ஆகி இரண்டு வருஷம். தங்கச்சிக்கு அது தெரியாது.

எனக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத இடங்களில் ஜன்னலைப் பார்த்துச் சொல்கிறேன்.

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். முந்திரிக்கொட்டை, உரம், உப்பு என்று எல்லாம் தூக்கியிருக்கிறேன். முந்திரி மூட்டை முதுகில் கிடந்து உறுத்தும். உர மூட்டை மூக்கை எரிக்கும். உப்பு மூட்டைதான் மோசம். வேர்வையில் கரைந்து கழுத்து மடிப்பில் இறங்கி, சாயங்காலம் குளிக்கும்போதுதான் எங்கெல்லாம் தோல் கிழிந்திருக்கிறது என்று தெரியும். அந்த நாளில் நான் நடந்து போனால் டீக்கடையில் எழுந்து இடம் கொடுப்பார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை. அப்படியும் ஒரு ஆளாக இருந்தேன் என்று எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

முத்தையாபுரத்தில் ஒரு லைன் வீட்டில் நானும் வீட்டுக்காரியும் இருபது வருஷத்துக்கு மேல் குடியிருந்தோம். பிள்ளைகள் இல்லை. அவள் நெஞ்சுவலியில் போன மறுவருஷம், வீட்டுச் சொந்தக்காரர் லைனை இடித்து மாடி கட்டப் போகிறேன் என்றார். நியாயமான மனுஷன்தான், ஆறு மாசம் தவணை கொடுத்தார். அக்கம்பக்கத்தில் இருந்த குடும்பங்கள் எல்லாம் ஒரு மாசத்திலேயே வேறு வீடு பார்த்துப் போய்விட்டன. எனக்குக் கிடைக்கவில்லை. வாடகை கொடுக்கப் பணம் கையில் இருந்தது. காரணம் அது இல்லை. "எத்தனை பேரு?" என்று கேட்பார்கள். "நான் ஒருத்தன்தான்" என்றால் முகம் மாறிவிடும். பஸ் போகிற தெருவில் ஒரு அம்மா மட்டும் உள்ளதைச் சொன்னாள்.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. வயசான ஒத்த ஆளு. நாளைக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா கதவ உடைக்கணும், போலீசுக்குச் சொல்லணும். பொறவு அந்த வீட்டுக்கு யாரு குடி வருவா?"

அவள் வாசலில் நான் நின்றுகொண்டிருக்கும்போதே என்னை உள்ளே பிணமாகப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் வீடு கேட்டுப் போகவில்லை.

கொஞ்ச நாள் லாரி செட்டில் படுத்தேன். தார்ப்பாய் மடித்துக் கொடுத்தால் சாப்பாடு கிடைக்கும். புதிதாக வந்த மேனேஜர் கூடாது என்றதும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தேன். ஒரு கட்டைப்பையில் இரண்டு வேட்டி, இரண்டு சட்டை, துணிக்கு நடுவில் வீட்டுக்காரி போட்டோ. அவ்வளவுதான் வீடு.

வீடு போனால் உடம்பு கஷ்டப்படும் என்று எல்லாருக்கும் தெரியும். உடம்பு பழகிவிடுகிறது. புத்திதான் பழகவில்லை. நாலு பேர் சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று தோன்றும். தெரிந்த ஆள் எதிரே வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவேன், "இப்பம் எங்கன இருக்கிய?" என்று கேட்டுவிடுவானே என்று. நம் ஆட்கள் அதை நல்லா இருக்கியா என்று கேட்பது மாதிரிதான் கேட்கிறார்கள். எனக்கு அது சட்டைக்காலரைப் பிடிக்கிற மாதிரி இருக்கும். என்னைவிட முப்பது வயது சின்னவனை "சார்" என்று கூப்பிட ஆரம்பித்தேன். பெரியாஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் விலாசம் கேட்டபோது இடித்துப் போட்ட வீட்டின் நம்பரைச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். வெளியே வந்து, அந்தச் சீட்டைக் காட்டி மருந்து வாங்காமலே போய்விட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திருடின பொருளைக் கையில் வைத்திருப்பது மாதிரி இருந்தது.

திருச்செந்தூரில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கடற்கரையில் யார் படுத்துக் கிடந்தாலும் கேட்க மாட்டார்கள், முருகனைப் பார்க்க வந்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதயாத்திரை வருகிறவர்கள் கட்டுகிற பச்சை வேட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு நாலைந்து மாசம் அங்கே இருந்தேன். விரதக்காரர் என்று சோறு போட்டார்கள். ஒரு நாள் மத்தியானம் கைப்பிள்ளையோடு ஒரு சின்னப் பெண் வந்து, "சாமி, பிள்ளைக்குத் திருநீறு பூசி விடுங்க" என்று மணலில் விழுந்து கும்பிட்டாள். பூசிவிட்டேன். அவள் போனதும் கடலுக்குள் இறங்கி நின்றேன். சாகிறதற்கு இல்லை, முகத்தைக் கழுவுகிறதற்கு. சாகிறதற்கும் கொஞ்சம் நினைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கே பச்சை வேட்டியை அவிழ்த்துவிட்டுத் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிவிட்டேன்.

வந்த சில நாளில் தங்கச்சி போன் பண்ணினாள். அவளைக் கட்டிக் கொடுத்தது எட்டயபுரம். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.

"அண்ணே, பிள்ளைக்கு முடிச்சாச்சு. வார வியாழக்கிழமை உனக்குப் பாக்கு வைக்க வாரோம். வீடு மாறிட்டன்னு சொன்னேல்லா, விலாசத்தச் சொல்லு."

வீடு மாறிவிட்டேன் என்று அவளிடம் எப்போதோ சொல்லி வைத்திருந்தேன். உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல நேரம். தங்கச்சிதானே. அந்தப் பிள்ளைக்கு என் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். நான் என்ன சொன்னேன் என்றால், "வாங்க, பஸ் ஸ்டாப்புல வந்து நிக்கேன்" என்று சொன்னேன்.

என்னோடு மூட்டை தூக்கின ஒருவன் முத்தையாபுரத்தில் சொந்தமாக வீடு கட்டியிருக்கிறான். என்னைவிட இளையவன். அவனிடம் போய் நின்றேன்.

"ஏலே, ஒரு காரியம். உன் வீடு ஒரு காலைப்பொழுதுக்கு வேணும்."

"வீடா? எதுக்கு அண்ணாச்சி, உங்களுக்கு மாப்ள பாக்க வாராங்களா?"

சொன்னதும் அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். அடுக்களையில் இருந்த அவன் பெண்டாட்டி காதில் விழுந்திருக்கிறது. வெளியே வந்து, "எங்க அம்மை வீட்டுக்குப் போயி நாளாச்சு. வியாழக்கிழமை பிள்ளையளக் கூட்டிட்டுப் போயிட்டு மத்தியானமா வாரோம். பிளாஸ்க்குல காப்பி ஊத்தி வைக்கேன். டம்ளரு எல்லாம் அடுக்களையில வலது பக்கம் மேல்தட்டு" என்றாள். ஏதோ நான்தான் அவளுக்கு உதவி செய்கிற மாதிரி பேசினாள்.

வியாழக்கிழமை முகம் மழித்து, கட்டணக் குளியலறையில் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வாசலில் கோலம் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தங்கச்சியையும் தங்கச்சி மாப்பிள்ளையையும் பஸ் ஸ்டாப்பிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். பூட்டைத் திறக்கவே எந்தச் சாவி என்று தெரியாமல் மூன்றையும் போட்டுப் பார்த்தேன். பேன் போடலாம் என்று சுவரில் இருந்த சுவிட்சை அமுக்கினேன். டியூப் லைட் எரிந்தது. இன்னொன்றை அமுக்கினேன். வாசல் விளக்கு எரிந்தது.

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மச்சான், வீடு ஜம்முன்னு இருக்கே. தரையெல்லாம் டைல்ஸு. பிரிட்ஜு வேற. ஒத்த ஆளுக்கு என்னத்துக்கு பிரிட்ஜு?"

"மாவு வைக்க" என்றேன்.

"நீங்களா மாவு ஆட்டுதிய?"

"கடையில வாங்குததுதான் மாப்ளே."

நடைவாசலில் இரண்டு ஜோடி சின்னப் பிள்ளைகள் செருப்பு கிடந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. தங்கச்சி பார்த்தாள். சுவரில் மாலை போட்ட ஒரு கிழவி போட்டோ மாட்டியிருந்தது.

"இது யாரு அண்ணே?"

"வீட்டுக்காரர் அம்மை."

"மைனி படம் எங்க? மைனிக்குப் பூ வாங்கிட்டு வந்திருக்கேன். அவ முன்னாலதான் தட்ட வைக்கணும்னு நெனச்சேன்."

எங்கிருந்து வந்ததோ, வாயில் உடனே பொய் வந்தது. "கண்ணாடி உடஞ்சு போச்சு. சட்டம் போடக் குடுத்திருக்கேன்." என் வீட்டுக்காரி, நண்பனின் கட்டிலுக்கு அடியில், கட்டைப்பைக்குள் போட்டோவாகக் கிடந்தாள். செத்துப்போனவளை வைத்துப் பொய் சொன்னேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்காது.

மாப்பிள்ளை தண்ணீர் கேட்டார். நான் எழுந்து போய் ஒரு கதவைத் திறந்தேன். அது கக்கூஸ். சட்டென்று மூடினேன். "இரு அண்ணே, நான் எடுக்கேன்" என்று தங்கச்சி நேராக அடுக்களைக்குள் போய்விட்டாள். மாப்பிள்ளைக்குச் சமையல்காரரிடமிருந்து போன் வந்தது. பேசிக்கொண்டே தெருமுனை வரைக்கும் போய்விட்டார்.

அந்த நேரம் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கையில் கிண்ணத்தோடு படியேறி வந்தாள். "அக்கா, அக்கோவ்" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "அக்கா இல்லியா? நீங்க யாரு?"

வீட்டுக்காரன் என்று சொல்ல வேண்டிய இடத்தில், வீட்டுக்காரனைத் தெரிந்த ஒருத்தி வந்து நிற்கிறாள். இரண்டு பேருக்கும் நடுவில் தங்கச்சி அடுக்களையிலிருந்து வந்தாள், கையில் தண்ணீர்ச் செம்பு.

"வெளிய போயிருக்காங்க, இப்பம் வந்திருவாங்க. நாங்க சொந்தக்காரங்க" என்றாள். "கிண்ணத்தக் குடுங்க, நான் உள்ள வச்சிருதேன்."

கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போய் அடுக்களையில் வைத்தாள். திரும்பி வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. தட்டில் பழத்தை அடுக்கினாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். மாப்பிள்ளைகூட உள்ளே இல்லை. நானும் அவளும்தான். நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, "இந்தப் பேன் சத்தம் போடுது, மாத்தணும்" என்றேன்.

மாப்பிள்ளை வந்ததும் இரண்டு பேரும் சாமி படத்துக்கு முன்னால் தட்டை வைத்து, எடுத்து, என் கையில் கொடுத்தார்கள். "அண்ணே, உன் மருமகளுக்குக் கல்யாணம். நீ முன்னால நின்னு நடத்தித் தரணும்" என்றாள். பிறகு சொன்னாள், "செய்முறைன்னு ஒண்ணும் வேண்டாம். மாலையும் நாங்களே வாங்கி வச்சிருதோம். நீ எடுத்துக் குடுத்தா போதும். ரெண்டு நாளைக்கு முந்தியே வந்திரு. இருக்குத துணிமணி எல்லாத்தையும் எடுத்துட்டு வந்திரு, துவச்சுப் போட்டிருதேன்."

எல்லாத்தையும் என்று அவள் அழுத்திச் சொன்னது எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துகொண்டேன்.

இரண்டு நாளைக்கு முந்திப் போகவில்லை. போனால் அவள் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாள். கல்யாணத்தன்று காலையில்தான் பஸ் ஏறினேன். தட்டில் வைத்துக் கொடுத்த வேட்டியைக் கட்டியிருந்தேன். கட்டைப்பையை வழக்கமான டீக்கடையில் வைத்துவிட்டு வந்ததால் கை சும்மா இருந்தது. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

மண்டப வாசலில் எங்கள் பெரியப்பா மகன், ஒன்றுவிட்ட அண்ணன், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏலே, வாலே வா. பங்களாக்காரன் வந்துட்டான். எப்பம்லே பால் காச்சுன? ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா. உன் மாப்ள வாரவன் போறவன்ட்ட எல்லாம் சொல்லுதான், டைல்ஸாம், பிரிட்ஜாம்."

"வாடகை வீடுதான் அண்ணே."

"எதோ ஒண்ணு. நல்லதாப் போச்சு. என் மவன் தூத்துக்குடியில கோர்சு படிக்கப் போறான். ஹாஸ்டல்ல போட மனசு வரல. மூணு மாசம் உன் வீட்டுல கெடந்துட்டுப் போறான். ஒத்த ஆளுதான நீ, உனக்கும் தொணையாச்சு. என்ன சொல்லுத?"

"அதுக்கென்ன அண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வேன். அவர் பக்கத்தில் இருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு, "பாத்தியளா, மனசுள்ளவன்" என்று என்னைக் காட்டினார். அவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். மூட்டை தூக்குகிற காலத்தில் டீக்கடையில் கிடைத்த மரியாதை மாதிரி இல்லை அது. எனக்குச் சொந்தமில்லாத ஒரு டைல்ஸ் தரைக்குக் கிடைத்த மரியாதை. உள்ளே இன்னும் எத்தனை பேர் இப்படிக் கேட்பார்களோ, எத்தனை பேருக்கு அதுக்கென்ன என்று சொல்ல வேண்டி வருமோ. "பூ வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன்.

ரோட்டைத் தாண்டி ஒரு பூட்டின ஒர்க்ஷாப். அதன் வாசலில் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் போய் நின்றேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மண்டபத்துக்குள் போய்விடலாம் என்றுதான் நின்றேன். மைக்கில் சத்தம் வந்தது. "மணமகளின் தாய்மாமன் எங்கிருந்தாலும் உடனடியாக மணமேடைக்கு வரும்படி அன்புடன் அழைக்கிறோம்." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை அன்புடன் இல்லை. மூன்றாவது தடவை மைக்கில் தங்கச்சி குரல்.

"அண்ணே, எங்க இருந்தாலும் வா."

அவ்வளவுதான் சொன்னாள். ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். லாரி டயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கெட்டிமேளம் அடித்துவிட்டார்கள். தூத்துக்குடி பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன். கடைசி சீட்டில் உட்கார்ந்து ஊர் தாண்டுகிற வரைக்கும் துண்டால் தலையை மூடியிருந்தேன். வேட்டியில் மஞ்சள் தடவியிருந்த ஓரம் தெரியாமல் மடித்து உள்ளே விட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருந்தது. நாலு தடவை எடுக்கவில்லை. வெயில் சாய்கிற நேரத்தில் ஐந்தாவது தடவை எடுத்தேன்.

"சாப்ட்டியா?" என்றாள்.

"சாப்ட்டேன்."

"பொய் சொல்லாத."

"மாலை யாரு எடுத்துக் குடுத்தா?"

"பெரியப்பா மவன்தான். நீ பூ வாங்கப் போனன்னு சொல்லிட்டு நின்னாரு. எந்த ஊருக்குப் பூ வாங்கப் போன? பிள்ள மேடையில இருந்து வாசலையே பாத்துட்டு இருந்தா. மாமாக்கு வார வழியில மயக்கம் வந்துட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்கன்னு சொன்னேன். அங்கன பக்கத்து வீட்டுக்காரிட்ட ஒண்ணு, இங்கன பிள்ளைட்ட ஒண்ணு. இன்னும் எத்தன சொல்லணும் நான்?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அன்னைக்கே தெரியும்லா எனக்கு. தண்ணி எடுக்கக் கக்கூஸ் கதவத் தெறந்தியே, அப்பமே."

"பொறவு ஏன்ளா கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். உன் வாயால சொல்லட்டும்னு பாத்தேன். நான் என்ன வீட்டப் பாக்கவா வந்தேன்?" மூக்கை உறிஞ்சினாள். "அது யாரு வீடு?"

"கூட வேலை பாத்தவன் வீடு."

"நீ எங்க படுக்க?"

பக்கத்தில் திருநெல்வேலி பஸ்ஸுக்கு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் சுவர் பக்கமாகத் திரும்பிக்கொண்டேன். "பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு துணிக்கடை இருக்கு. கடை அடச்ச பொறவு அந்த வாசல்ல."

"எத்தன நாளா?"

"வீடு இல்லாம ரெண்டு வருசமாச்சு."

வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"மழை பேஞ்சா?" என்றாள்.

சொன்னேன்.

"என்ன? கேக்கல. பஸ் சத்தமா இருக்கு. சத்தமாச் சொல்லு."

"மழை பேஞ்சா உக்காந்திருப்பேன்" என்று சத்தமாகச் சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்களில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.